பச்சை உடம்புக்காரியின் பகல் தூக்கம்

எனக்கு வந்த வியாதியின் பெயரை இதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. சிதம்பரத்தில் அம்மா வீட்டுத் தெருவில் அதற்குக் "காத்து" என்று பெயர். கடலூரில் மாமியார் வீட்டில் "மூளைக் கோளாறு". நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மரியாதையாக "நரம்புத் தளர்ச்சி" என்றார்கள். இது எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால், "அதான் நல்லாயிட்டியே, அப்புறம் என்ன?" என்று அடைத்துவிடுகிறார்கள். நல்லாகிவிட்டேன் என்பது உண்மைதான். நல்லானவளுக்கு நடந்ததைச் சொல்லவாவது உரிமை வேண்டாமா? அதனால் எழுதுகிறேன். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் அவளைச் சுற்றியிருப்பவர்கள் இதைப் படிக்கட்டும். அவளுக்குப் படிக்க நேரம் இருக்காது.

நான் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. மாமியார் வீடு திருப்பாதிரிப்புலியூரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். அப்பா இல்லை, அம்மா ஒருத்திதான். எல்லாரும் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அந்தக் காலத்திலும் எனக்கென்று பழைய அரிசி எங்கிருந்தோ தேடிப்பிடித்து வைத்திருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்து யாரும் அவளை அரக்கி என்று நினைத்துவிடக் கூடாது. அவள் என்மேல் உயிரையே வைத்திருந்தாள். அப்படி வைத்திருந்ததால் வந்த வினைதான் இத்தனையும்.

பையன் பிறந்தான். நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்த பிரசவம்; சிக்கல் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அம்மாவின் சட்டம் அமலுக்கு வந்தது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, வாயெல்லாம் எரிகிற லேகிய உருண்டை, தொண்டை நனைகிற அளவுக்கு வெந்நீர். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: பச்சை உடம்புக்காரி பகலில் கண் அசரக் கூடாது. அசந்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், வயிறு ஊதும், ஜன்னி கண்டுவிடும். வேப்பிலை செருகிய அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இராத்திரி வேண்டுமானால் தூங்கிக்கொள்ளலாம். இந்தச் சட்டத்தை என் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அவன் பகலெல்லாம் சுகமாகத் தூங்கிவிட்டு, விளக்கு வைத்ததும் கச்சேரியை ஆரம்பிப்பான்.

இந்தச் சட்டத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு சாட்சியும் இருந்தது. அம்மாவின் தங்கை சரசு சித்தி, முதல் பிரசவம் ஆன சில நாளில் ஒரு மத்தியானம் தூங்கினாள். எழுந்திருக்கவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. சித்தியின் முகம் எனக்குத் தெரியாது. அவள் தூங்கிச் செத்த கதை மட்டும் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டது.

அதனால் அம்மா என்னைக் காவல் காத்தாள். தனியாக முடியாதபோது எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு என்னோடு பேசினார்கள். யார் வீட்டில் யார் ஓடிப்போனாள், எந்தச் சம்பந்தி சீர்வரிசையில் என்ன குறை கண்டாள், எல்லாம் நான் கேட்டு "ம்" கொட்ட வேண்டும். "ம்" வராவிட்டால் விசிறிக் காம்பால் உள்ளங்காலில் ஒரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் முகத்தில் தண்ணீர்.

"இன்னாடி கமலா, கண்ணு சொருவுது? ஏந்து உக்காரு."

"அம்மா, ஒரு பத்து நிமிஷம்மா."

"சரசுவும் பத்து நிமிஷந்தான் கேட்டா."

அழுதால், "பச்சை உடம்போட அழுவாதடி, கண்ணுல நீர் கோத்துக்கும்" என்று முந்தானையால் துடைத்துவிடுவாள். அந்தத் துடைப்பில் எவ்வளவு பிரியம் இருந்தது தெரியுமா? அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

முதலில் போனது கணக்கு. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறவள் நான். ஒரு நாள் பதினேழு ஆறில் நின்றுவிட்டேன். எவ்வளவு தேடியும் நூற்றிரண்டு கிடைக்கவில்லை. பிறகு பேர்கள் போயின. என் வகுப்புப் பெண்களின் முகம் வரும், பேர் வராது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தம்ளரைத் தேடினேன். பேசுகிறவர்களின் வாய் முதலில் அசையும், சத்தம் சற்று நேரம் கழித்து வரும். எதிர்வீட்டுக்காரி என்னைப் பற்றி ஏதோ சதி செய்கிறாள் என்று தோன்றியது. அப்புறம் எறும்புகள் வந்தன. குழந்தையின் கண்ணிலும் காதிலும் கூட்டங்கூட்டமாக ஏறின. அம்மாவிடம் காட்டினேன். "எங்கடி எறும்பு?" என்றாள். அவளும் சதியில் சேர்ந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

ஒரு பட்டப்பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாய்க்கு ஓடினேன். எறும்பைக் கழுவத்தான் ஓடினேன். குழாயின் கீழே அவனைப் பிடித்திருந்தபோது குடத்தோடு நின்ற பெண்கள் கத்திக்கொண்டு வந்து பிடுங்கினார்கள். அவன் மூச்சுத் திணறி, நீலம் பாரித்து, பிறகு அழுதானாம். எனக்கு நினைவில் இருப்பது ஒன்றுதான்: எறும்பு போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சாயங்காலமே தெருவுக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது. பூசாரி ஒருவரை அழைத்து வந்தார்கள். விபூதி அடித்துவிட்டு அவர் சொன்னது: "தூங்க உடாதீங்க. தூக்கத்துலதான் அது உள்ள பூருது." அதுவரை பகல் மட்டும்தான் போயிருந்தது. அந்த நல்ல மனிதர் இராத்திரியையும் பிடுங்கிக்கொடுத்துவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போனார்.

தந்தி கொடுத்து என் வீட்டுக்காரரை வரவழைத்தார்கள். அவர் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "கடலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் அத்தை, ஆஸ்பத்திரில காட்டலாம்" என்றார். அவர் வாழ்க்கையில் யோசனை கேட்காமல் எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். பாசஞ்சர் ரயிலில் போனோம். கிள்ளை தாண்டியதும் காற்றில் எனக்குத் தலை சாய்ந்தது. பரங்கிப்பேட்டையில் அம்மா எழுப்பினாள். புதுச்சத்திரத்தில் எழுப்பினாள். ஆலப்பாக்கத்தில் எழுப்பினாள். ஸ்டேஷன் வரும்போதெல்லாம் கொடி காட்டுகிற கார்டு மாதிரி தவறாமல் எழுப்பினாள்.

கடலூரில் அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லா மருத்துவமனையிலும் காத்திருக்கிற பெஞ்சு ஒன்றுதான். சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, காட்டிய பிறகு உட்கார இடம் பிடிக்க ஒரு வரிசை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் என்னைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது. "பாத்தா நல்லாத்தான கீது பொண்ணு. இன்னா ஒடம்புக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா என் முந்தானையை இழுத்துச் சரி செய்தாள். நான் சரியாகவே சொன்னேன்: "எறும்பு." அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

டாக்டரம்மா நடுவயதுக்காரி. நின்று பேச நேரமில்லாதவள். பிரசவ ஜன்னியா என்று பார்க்க வேண்டும் என்றாள். ஜன்னி என்றால் பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையில் கிருமி புகுந்து, அந்த விஷம் ரத்தத்தில் ஏறிக் காய்ச்சல் மூளையைக் கலக்குவது. அதற்காக ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரைப் பார்க்க வேண்டுமென்று என்னை இறால் மாதிரி சுருட்டிப் படுக்க வைத்து முதுகுத்தண்டில் ஊசி குத்தினார்கள். அந்த வலியை நான் எழுதப்போவதில்லை. எல்லாம் சுத்தமாக இருந்தது. காய்ச்சல் இல்லை, கிருமி இல்லை. கடைசியில் ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னாள். பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு உடம்பில் ஏற்படும் மாறுதலாலும், தூக்கம் கெடுவதாலும் புத்தி தடுமாறிப் போகும், இல்லாதது தெரியும், ஆனால் குணப்படுத்திவிடலாம். அவ்வளவுதான் அதன் அர்த்தம். குணப்படுத்திவிடலாம் என்ற கடைசிப் பகுதி மட்டும், ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என் மாமியார் காதில் விழவில்லை.

மருந்து பாலில் கலக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று சொன்னதும், அத்தை, அதாவது என் மாமியார், வார்டு வாசலிலேயே கையை நீட்டிவிட்டாள்.

"குடு. எம் பேரன் எங்கூட்டுல இருக்கட்டும். கொழாத் தண்ணில முக்கினவகிட்ட இனிமே எப்படி உடறது?"

"நல்லானதும் குடுத்துடுவீங்கல்ல?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாவட்டும், பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" எனக்கு அப்போதே புரிந்தது. புத்தி அத்தனை கலங்கியிருந்தும் அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகப் புரிந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிப் போனது. பிள்ளை அந்தப் பக்கம் அழுதுகொண்டே போனான். என் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. இனி என் பிள்ளை எனக்குத் திரும்பி வருவானா என்பதைத் தவிர அந்த வார்டில் எனக்கு வேறு நினைப்பு இல்லை.

டாக்டரம்மா தூக்கத்துக்குத்தான் மருந்து எழுதினாள். பாரல்டிஹைடு என்று ஒன்று. தூக்கத்தை வரவழைக்கிற திரவம். குடித்தால் தொண்டை எரியும், மூச்சே நாறும். பக்கத்துக் கட்டிலுக்குக்கூட அடிக்கும். "பகல், இராத்திரி எதுவும் பாக்காதீங்க, தூங்கட்டும், யாரும் எழுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நர்ஸ் ஊற்றிக்கொடுத்துவிட்டு நகர்ந்ததும் நான் கிணற்றில் கல் விழுந்த மாதிரி விழுவேன். விழுந்த சற்று நேரத்தில் ஒரு கை என் தோளைப் பிடித்து உலுக்கும்.

"கமலா. ஏந்துக்கோடி கண்ணு. பகலு."

நாட்கள் இப்படியே போயின. நர்ஸ் வரும் சத்தம் கேட்டால் அம்மா என்னைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுவாள். போனதும் எழுப்பி உட்கார வைப்பாள். காவலுக்குக் காவல். டாக்டருக்கும் நர்ஸுக்கும் பயந்து ரகசியமாக என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மருந்து கேட்கவில்லை என்று டாக்டரம்மா அளவைக் கூட்டினாள். எறும்புகளோடு இப்போது பல்லிகளும் வந்தன. மருந்து மயக்கத்தில் எழுப்பப்பட்டவள் எப்படி இருப்பாள்? உளறினேன், வாந்தி எடுத்தேன், கட்டிலிலிருந்து விழுந்தேன். இதைச் சொல்லாமல் விடக் கூடாது: அந்த டாக்டரம்மா ஒரு தடவைகூட என் கட்டில் அருகில் ஐந்து நிமிஷம் நின்று பார்க்கவில்லை. "கேஸ் முரடா இருக்கு, மெட்ராஸுக்கு அனுப்பிடலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். மெட்ராஸில் எங்கே என்று ஊருக்கே தெரியும். அங்கே போனவள் பேரில் ஒட்டுகிற பட்டத்தை எந்தச் சோப்பு போட்டாலும் கழுவ முடியாது. அங்கேயிருந்து வந்து பிள்ளையைக் கொடு என்று யார் வாசலில் போய் நிற்பது?

என்னைக் காப்பாற்றியது பக்கத்துக் கட்டில். மங்கலம்பேட்டை பாத்திமா அக்கா, வயிற்றில் கட்டி எடுத்துவிட்டுத் தையலோடு படுத்திருந்தாள். புருஷன் மலேயாவில். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் சிரிக்காமலே கேலி பேசுவாள். அம்மாவிடம் முதலில் நயமாகத்தான் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் புள்ளைய உடுங்களேன். ரெண்டு கண்ணும் கொவ்வப்பழமாட்டம் கீது."

"ஒங்களுக்குத் தெரியாது. பகல்ல தூங்கித்தான் எந் தங்கச்சிய வாரிக் குடுத்தேன்."

பாத்திமா அக்கா அத்தோடு விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை சுற்றி வந்த டாக்டரம்மா, மெட்ராஸுக்குச் சீட்டு எழுதச் சொல்லி நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாள். படுத்தபடியே பாத்திமா அக்கா குரல் கொடுத்தாள்.

"டாக்டரம்மா, மருந்து ஜாஸ்தி பண்ணாதீங்க. அந்தப் புள்ள தூங்கினாத்தான மருந்து கேக்கும்? நீங்க தூங்க வெக்கிறீங்க, அவுங்க அம்மா எழுப்பி எழுப்பி உக்கார வெக்கிறாங்க. ரெண்டு பேரும் போட்டி போட்டா அது இன்னாதான் பண்ணும்?"

டாக்டரம்மா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "எழுப்பினீங்களா?"

"ஆமா. எம் பொண்ணு. எழுப்புவேன்" என்றாள் அம்மா. பொய் சொல்லத் தெரியாதவள்.

அன்றைக்கே அம்மாவை வார்டுக்கு வெளியே அனுப்பினார்கள். பார்வையாளர் நேரத்தில் மட்டும் வரலாம், அதுவும் நான் விழித்திருந்தால். ஆயா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது அம்மா கத்திய கத்தல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். "எம் பொண்ணக் கொல்லப் போறாங்க, அய்யோ, தூங்க வெச்சே கொல்லப் போறாங்க!" எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. கதவு சாத்தியதும் எனக்கு வந்த நிம்மதியை எந்த மகளும் தன் தாயை நினைத்து அடைந்திருக்கக் கூடாது.

தூங்கினேன். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சாப்பிட எழுப்பினார்களாம், தின்றேனாம், மறுபடி விழுந்தேனாம். பகல் வந்தது, போனது. கடைசியில் ஒரு முற்பகலில் தானாக விழித்தேன். யாரும் உலுக்கவில்லை. ஜன்னல் வழியாக வெயில் கட்டில் கம்பியில் விழுந்திருந்தது. கம்பி கம்பியாகவே இருந்தது. போர்வையில் எறும்பு இல்லை. வாயில் மருந்து நாற்றம், வயிற்றில் பசி. சும்மா படுத்திருந்தேன். யாரும் கேட்காமலே பதினேழு ஆறு நூற்றிரண்டு என்று வந்தது. தொடர்ந்து பதினேழு ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாக வந்து நின்றன. அப்புறம் என் பிள்ளையின் முகம் வந்தது, இடது காதோரத்தில் ஒரு மச்சத்தோடு. எறும்பு இல்லாத முகம். பார்த்துக்கொண்டே இருந்தேன். குழாயடி அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. அவனை நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று புரிந்தது. போர்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன். புத்தி திரும்பி வந்ததும் கையோடு கொண்டுவந்தது இதைத்தான்.

பாத்திமா அக்கா பக்கத்துக் கட்டிலிலிருந்து, "அழுவு. இது நல்ல அழுவ" என்றாள்.

டாக்டரம்மா வந்து கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன். நான் டீச்சர் என்பதால் விளக்கம் கேட்டேன். முதல் தடவையாக நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கடைத்தெருவுல மளிகைக் கடை பாத்திருக்கியா? பகலெல்லாம் சரக்கு வரும், போகும், ஆளுங்க கத்துவாங்க. கடைய மூடினாத்தான் சிந்தினதக் கூட்டி, மூட்டைய அடுக்கி, மறுநாளைக்கு ஏத்த மாதிரி வைக்க முடியும். மனசும் அப்படித்தான். உன்ன யாரும் கடைய மூட விடல. சரக்கெல்லாம் நடுவுல கொட்டிக் கிடந்துது" என்றாள். நான் சரசு சித்தியைப் பற்றிக் கேட்டேன். "காய்ச்சல் இருந்துதா?" "கொதிச்சுதாம்." "அப்ப அது ஜன்னி. அவுங்க தூங்கல, நினைவு தப்பியிருக்கு. தூக்கம் யாரையும் கொல்லாதும்மா" என்றாள். என் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கதை இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோனது. மெட்ராஸுக்கு எழுதச் சொன்ன சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. அவளிடமிருந்து ஒரு "தப்புதான்" வரும் என்று காத்திருந்தது என் மடத்தனம்.

சிதம்பரத்துக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் குணமானதற்குப் பங்கு கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? பூசாரியின் விபூதி என்றாள் எதிர்வீட்டுக்காரி. தான் வேண்டிக்கொண்ட மொட்டை என்றாள் அத்தை. வெளி வராந்தாவில் பட்டினி கிடந்த தன் விரதம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். தூங்கினாள், பிழைத்தாள் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. தூக்கத்துக்குத் தேங்காய் உடைக்க முடியாது அல்லவா.

இப்போது நான் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன். மத்தியான இடைவேளையில் டீச்சர்கள் அறையில் மேஜைமேல் தலையை வைத்துக் கண் மூடுகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முதல் நாள் முட்டி மோதிய கணக்கு தூங்கி எழுந்தால் சாதுவாக வந்து நிற்கிறது. கணக்கு மட்டும் இல்லை. முன்பெல்லாம் யார் என்ன சொன்னாலும் "சரி" என்பேன். அந்தச் "சரி"யில் பாதிக்குமேல் அசதி என்று இப்போதுதான் தெரிகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்கு "முடியாது" என்று சொல்ல வருகிறது. பட்டப் பரீட்சை எழுத வேண்டும் என்று புத்தகம் வாங்கியிருக்கிறேன். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் திமிர்.

அந்த "முடியாது" முதலில் வந்த நாளைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். சிதம்பரத்தில் சில மாசம் காத்திருந்தேன். பிள்ளையை அனுப்பவில்லை. என் வீட்டுக்காரர் வருவார், ஹார்லிக்ஸ் புட்டி கொண்டுவருவார், "அம்மா இன்னும் கொஞ்ச நாள் போவட்டுங்கிறாங்க" என்பார். ஒரு நாள் துணிமணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அம்மா பயந்துகொண்டே கூட வந்தாள். பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை கொழுகொழு என்று இருந்தான். என்னைப் பார்த்து அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டாள் அத்தை. போலீஸ் விசாரணை மாதிரி.

"தூங்குறேன்."

"பகல்ல?"

"தூக்கம் வந்தா பகல்லயும் தூங்குவேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள், பார்த்தீங்களா என்கிற மாதிரி. இராத்திரி விழித்திருந்தால் பைத்தியம். பகலில் தூங்கினால் பைத்தியம். என் கண் இமையை வைத்து எல்லாரும் ஜாதகம் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு மாசம் போவட்டும். எடுத்துக்கினு போயி மறுபடி எதுனா பண்ணிட்டா?"

"முடியாது அத்தை" என்றேன். கத்தவில்லை. "நான் எடுத்துக்கிட்டுப் போறதா சொல்லல. இங்கதான் இருக்கப்போறேன். எம் புள்ள இருக்கிற எடத்துல. நீங்க எந்நேரமும் பாத்துக்கிட்டே இருங்க. ஆனா அவன எங்கையில குடுங்க."

என் வீட்டுக்காரர் அப்போது எழுந்தார். தரையைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். அவருடைய அம்மாவின் தோளிலிருந்து பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பிள்ளை அழுதான், நெளிந்தான், திமிறினான். அத்தை எதிரில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பாட்டு ஒன்றும் வரவில்லை, வாய்ப்பாடுதான் வந்தது. பதினேழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, தலை என் கழுத்தில் கனத்தது. கூடத்திலேயே பாயில் அவனைப் போட்டு, பக்கத்தில் நானும் படுத்தேன். உச்சி வெயில் நேரம். அத்தை ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். எனக்குக் கண் சொருகியது. அம்மாவின் கை என் தோளை நோக்கி வருவதைப் பார்த்தேன்.

"கைய எடும்மா" என்றேன்.

எடுத்துவிட்டாள். தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளை என் முந்தானையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையில் விசிறி. கண் இரண்டும் சிவந்திருந்தன. எங்களுக்கு மிக அருகில் குனிந்திருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"மூச்சு வருதான்னு பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு பேருக்கும்." விசிறிக் காம்பைத் திருகினாள். "சரசு தூங்கறேன்னு கேட்டப்ப நாந்தாண்டி படுன்னு சொன்னேன். கதவ சாத்திட்டுக் கொழம்பு கெளறப் போயிட்டேன்."

என்னை விழிக்க வைத்த அத்தனை நாளும் அவளும்தானே விழித்திருந்தாள் என்பது அந்த நிமிஷம் வரை என் மண்டையில் ஏறவில்லை. அதற்கு முன்பும், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், போகவில்லை. எழுந்து அவள் கையிலிருந்த விசிறியை வாங்கினேன். பாயில் நான் படுத்திருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினேன்.

"நீ செத்த நேரம் படும்மா. நான் பாத்துக்கறேன்."

அம்மா வாசல் வெயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பகல்லயா?" என்றாள்.